யோசனை கூறுவார் இயல்பு

நம் கல்லூரியிற் பட்டம் பெற்று வெளியேறும் நண்பர் பலர் இக்காலத்தே ‘கன்சல்டிங்’ எனப்படும் ஆலோசனைத் தொழிலிற் புகுகின்றனர். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கம்பெனிகளில் அமர்ந்து, வங்கிக்கும் ஆலைக்கும் அரசாங்க இலாகாவுக்கும், ‘இன்னது செய்க, இன்னது தவிர்க’ என்று கூறி ஊதியம் பெறுதலே அத்தொழில். தமிழ் இலக்கியம் பயிலும் எமக்கு அத்தொழிலிற் பழக்கம் சிறிதும் இல்லை. எனினும் அதனைப்பற்றிச் சில எழுதத் துணிந்தோம். யாமும் ஒருமுறை பிறர்க்கு யோசனை கூறப் புகுந்து, வாயடைத்து மீண்டமையே அத்துணிவுக்குக் காரணம்.

எம் ஊர் சின்னசேலம். கல்வராயன் மலைக்குத் தெற்கே, சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது. சுற்றுப்புறத்துக் காடுகளில் மக்காச்சோளமும் பருத்தியும் மரவள்ளியும் பயிராகின்றன. மரவள்ளியை எம்மவர் குச்சிக்கிழங்கு என்பர். கிழங்கு சேகோ ஆலைக்குப் போகும். தென்னமெரிக்காவைத் தாயகமாக உடைய மாவுப்பூச்சி ஒன்று 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் முதன்முதல் காணப்பட்டு, விரைவிலே சேலம், நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களிற் பரவிற்று. அது பற்றிய செடியின் குருத்துச் சுருண்டு, கணுக்கள் நெருங்கிக் கட்டையாகிவிடும். மேலே வெண்மாவு போர்த்திருத்தலின் மருந்தும் எளிதில் உட்புகாது. அதனை அடக்குதற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து சிறு குளவியினம் ஒன்று வரவழைக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டில் ஆத்தூர்ப் பக்கத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. குளவி பூச்சியின் உடலுள் முட்டையிடும். முட்டையினின்று வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். 1980க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஆப்பிரிக்க மக்கள் பலரது உணவாகிய மரவள்ளியைக் காத்தது இக்குளவியே. ஆனால் குளவி பிழைக்கவேண்டுமாயின் உழவர் மருந்து அடித்தல் ஆகாது.

இச்செய்திகளையெல்லாம் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டு, சென்ற கோடை விடுமுறையில் எம் பெரியப்பாவின் காட்டிற்குச் சென்றோம். வரப்பில் நின்று முதலிலிருந்து கடைசிவரை வாசித்தோம். பூச்சியின் தாயகத்தையும் குளவியின் பெயரையும் பெனின் நாடு இருக்குமிடத்தையும் விடவில்லை. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், “எல்லாஞ் சரிதாந் தம்பி. மருந்து அடிக்காம வுட்டு, காடு போச்சுன்னா நட்டம் ஆருக்கு?” என்றார். எம்மிடம் விடையில்லை. மறுநாட் காலையில் மருந்து டேங்கை முதுகிற் கட்டிக்கொண்டு அவர் காட்டிற்குச் செல்வதைத் திண்ணையிலிருந்தே கண்டோம்.

யாம் கூறியதில் பொய் ஒன்றும் இல்லை. பின்னர் ஏன் அது பயன்படவில்லை? இவ்வினாவை மனத்திற்கொண்டே கல்லூரிக்கு மீண்டோம். விடை எதிர்பாராத இடத்தில், எம் பாடநூலாகிய புறநானூற்றில் அகப்பட்டது. அதிலும் வியப்பென்னையெனின், செய்தி எம் மாவட்டத்தைச் சார்ந்தது. கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமானபொழுது திருக்கோவலூரும் அதனுட் சேர்ந்தது. பெண்ணையாற்றங்கரையிலுள்ள அவ்வூரே பண்டு மலையமான் மரபினர் இருந்து ஆண்ட கோவலூர்.

சோழன் கிள்ளிவளவன் மலையமானிடம் பகைகொண்டு, அவன் மக்களைப் பிடித்துவந்து யானைக் காலில் இடத் துணிந்தான். புலவர் கோவூர்கிழார் அம்மன்றத்திற் சென்றார். அவரிடம் படை இல்லை, பதவி இல்லை, மன்னன் அவரை யோசனை கேட்டு அழைத்தானுமல்லன். சொல் ஒன்றே அவர் கைப்பொருள். அவர் பாடியது பத்து அடிக்கும் உட்பட்ட சிறு பாட்டு. மக்கள் உயிர் பிழைத்தனர் என்று பாட்டின் கீழுள்ள பழங்குறிப்புக் கூறுகின்றது.

அச்சிறு பாட்டிலே அவர் செய்ததை நாம் ஊன்றிக் காணல்வேண்டும். ‘கொல்லாதே’ என்று அவர் யாண்டும் கூறவில்லை. ‘நீ செய்வது கொடுமை’ என்றும் கூறவில்லை. புறாவின் துயர் தீர்த்தோன் வழியில் வந்தவன் அவன் என்பதை முதலில் நினைவூட்டினார். அடுத்து, புலவர் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து உண்போர் மரபு இம்மக்களுடையது என்றார். மூன்றாவது, கண்முன் உள்ளதைக் காட்டினார். அழுதுகொண்டிருந்த சிறுவர் யானையைக் கண்டு அழுகையை மறந்து பார்க்கின்றனர்; மன்றத்தின் புதுமை கண்டு மருளுகின்றனர்; தமக்கு நேரவிருப்பது இன்னதென்று அறியார். இம்மட்டே. இறுதியில், கேட்டாயல்லவா, இனி உன் விருப்பப்படி செய் என்று முடிவை மன்னன் கையிலேயே வைத்துவிட்டு நின்றார்.

இவ்விடத்தில் யாம் நூலை மூடிவைத்து நெடுநேரம் இருந்தோம். யோசனை கூறுவான் வேறு, முடிவு செய்வான் வேறு. முடிவின் நன்மை தீமைகளைச் சுமப்பவன் பின்னவனே. இதனை யாம் மறந்தோம், பெரியப்பா மறக்கவில்லை. நட்டம் யாருக்கு என்று அவர் கேட்டதன் பொருள் அதுவே. கோவூர்கிழார் மன்னனது உரிமையைத் தாம் பறித்துக்கொள்ளவில்லை. ஆதலின் மன்னன் தோற்றானாகாமலே மனம் மாற இடமிருந்தது. சினங்கொண்டு ஒன்றைத் துணிந்துவிட்ட ஒருவனைப் பலர் முன்னிலையிற் பின்வாங்கச் செய்தல் எளிதன்று. அவன் தன் குலப்பெருமையை நோக்கித் தானே முன்சென்றதாகத் தோன்றுமாறு வழி திறத்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு தடை எழும். மேனாட்டு ஆலோசகர் வேறு முறை கற்பிக்கின்றனர். ஜேம்ஸ் மெக்கின்ஸி என்பார் 1926ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் தொடங்கிய நிறுவனத்திற் பணியாற்றிய பார்பரா மின்ட்டோ என்னும் அம்மையார், முடிவை முதலிற் சொல்லி, காரணங்களை அதன்கீழ் கூர்நுதிக் கோபுரம்போல் அடுக்குக என்றார். அத்தொழிலினர் பலர் இன்றும் அதனையே பயில்கின்றனர். கோவூர்கிழாரோ முடிவை முதலிலும் சொல்லவில்லை, ஈற்றிலும் சொல்லவில்லை. இருவருள் யார் கூற்றுச் சரி? இரண்டுமே சரியென்பது எம் கருத்து. பணிமிகுதியால் நேரமின்றி, ‘என்ன செய்யலாம்?’ என்று தானே கேட்கும் அதிகாரிக்கு முடிவை முதல் வாக்கியத்திலேயே கூறுக. திரையில் நாற்பது பக்கம் காட்டி நாற்பத்தொன்றாவதில் விடையை வைப்பது அவனை வருத்துவதாகும். எதிர்முடிவைத் துணிந்து நிற்பானுக்கு அவ்வாறு கூறின் அவன் செவி அக்கணமே அடைபடும். ஆதலின் கேட்போன் எந்நிலையில் நிற்கின்றான் என்பதை முன்னரே ஆராய்தல் வேண்டும். திருக்குறளில் அமைச்சியல் பத்து அதிகாரங்களுள் குறிப்பறிதல், அவையறிதல் என இரண்டு இதற்கே ஒதுக்கப்பட்டிருத்தலைக் காண்க.

கோவூர்கிழார் எப்போதும் மென்மையே பேசுவார் என்றும் கருதற்க. நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது, நெடுங்கிள்ளி கோட்டைக்கதவை அடைத்து உள்ளே இருந்தான். யானைகள் நீரும் உணவுமின்றி வருந்தின. குழந்தைகள் பாலின்றி அழுதன. அறவழி நிற்பாயாயின் கதவைத் திற, மறவழி நிற்பாயாயின் வெளிவந்து பொரு, இரண்டுமின்றி ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்று அவனிடம் வெட்டெனக் கூறினார். பின்னர் இருவரும் உறையூரிற் பொருதபோது இருவரையும் நோக்கி, எவர் தோற்பினும் தோற்பது உங்கள் சோழர் குடியே என்றார். ஒருவரே, மூவிடத்தும் மூன்று வகையாகப் பேசினார். ஆனால் எவ்விடத்தும் கேட்போன் விரும்பியதைச் சொல்லி இன்புறுத்தவில்லை.

இப்பிழையில் இளைஞராகிய நாம் எளிதில் வீழ்வோம். சாலொமோனின் மகன் ரெகொபெயாம், குடிகள் பாரத்தைக் குறைக்கவேண்டி நின்றபோது, முதியோர் கூறிய நல்வார்த்தையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபர் சொற்படி கடுமையாக மறுமொழி கொடுத்தான். பத்துக் கோத்திரங்கள் அவனை விட்டுப் பிரிந்தன. அவ்வாலிபர் அரசன் முகம் பார்த்துப் பேசினரேயன்றி, வாயிலில் நின்ற குடிகளைப் பாரார். ஆலையைப்பற்றி அறிக்கை எழுதப் புகுவார், மானேஜர் அறையில் காப்பி அருந்துவதோடு அமையாது, இயந்திரத்தின் அருகில் நிற்பவனிடமும் ஒரு பகலேனும் கழித்தல் நன்று.

இனி, பலரைக் கூட்டி வேலைவாங்கும் தலைமைக்கும் எம் நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. கோவலூர்க் காரி வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்கியவன். அவனிடம் கபிலர், கொடுத்தல் எளிது, அவரவர் தகுதியை அறிதலே அரிது, புலவர் எல்லாரையும் ஒருபடித்தாக நோக்குதலை விடுக என்றார். பரிசில் பெறும் இடத்திலிருந்து கொடுப்பவனையே திருத்தினார் கபிலர்! தன்கீழ்ப் பணிசெய்யும் ஐவரையும் ஒரே சொல்லாற் புகழும் தலைவன் நடுநிலை உடையவன்போலத் தோன்றுவான். உண்மையில் அவன் ஐவரையும் பார்க்கவேயில்லை.

பகைவர் இருவரிடத்தும் சென்றுவருவார்க்கு வேறோர் இடரும் உண்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று எண்ணி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். அப்போதும் குறுக்கே நின்று மீட்டவர் கோவூர்கிழாரே. ஓர் இடத்திற் கேட்டதை மற்றோரிடத்திற் சொல்லாமையே இத்தொழிலினர்க்கு உயிர்நிலை. ஐயுறவு நேர்ந்தவழி, உடன்பணி செய்வானுக்காக வாய் திறத்தல் மூத்தோர் கடமை.

நிற்க. தசரா விடுமுறையில் மீண்டும் காட்டிற்குச் சென்றோம். இம்முறை நோட்டுப்புத்தகம் கொண்டுசெல்லவில்லை. இவ்வாண்டு எத்தனை முறை மருந்து அடித்தார், கூலி உட்பட என்ன செலவாயிற்று, அடித்தபின் பூச்சி எத்தனை நாளில் திரும்பிற்று என்று கேட்டுக்கொண்டே களைபறித்தோம். அவர் சொல்லச் சொல்ல, தாமே கணக்குப் போட்டு ஒருமுறை நின்றுவிட்டார். பின்பு யாம், “பெரியப்பா, நட்டம் வந்தால் உங்களுக்குத்தான், அதை நான் ஈடுசெய்ய முடியாது. கிணற்றுக்கு அப்பால் தனியே கிடக்கும் அரை ஏக்கரை மட்டும் விட்டுப்பார்க்க மனம் இருந்தால், ஏத்தாப்பூருக்கு ஒரு நடை போய்க் கேட்டு வருவோம். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்” என்றோம். அவர் ஒன்றும் கூறவில்லை. மறுநாட் காலையில் ஆத்தூர் பஸ்ஸுக்கு எமக்குமுன் வந்து நின்றார்.

கிணற்றுக்கு அப்பாலுள்ள துண்டில் இதுவரை மருந்து படவில்லையென்று எம் தாயார் சென்ற வாரம் தொலைபேசியிற் கூறினார். மற்றக் காட்டிற்கு அவர் வழக்கம்போல் அடித்தாராம். பொங்கல் விடுமுறைக்குச் சென்று, இரண்டிலும் சில செடிகளைப் பிடுங்கிப் பார்க்க எண்ணியுள்ளோம்.