மூவாயிரத்தோடு நின்ற ஆட்டம்

கிரிக்கெட்டில் ஓட்டங்களை எண்ணிப் பழகிய நமக்கு பேஸ்போல் கணக்குச் சற்றுப் புதியது. பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் முதலாம் தளத்தையேனும் அடைந்தால் அது ஒரு 'ஹிட்'. றொபேர்ட்டோ கிளெமென்டே அவ்வாறு 3000 ஹிட்களைப் பெற்றவர்.

1934இல் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த இவர், 1955 முதல் 18 பருவங்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் அணிக்கே ஆடினார். தாய்மொழி ஸ்பானிஷ். அவர் பேசிய ஆங்கிலத்தைப் பத்திரிகைகள் உச்சரிப்புப் பிழைகளோடு அச்சிட்டுக் கேலி செய்தன. பெயரையும் 'பொப்' ஆக்கின. 1971இல் உலகத் தொடரை வென்றதும், தொலைக்காட்சியில் முதலில் ஸ்பானிஷிலேயே பெற்றோரிடம் ஆசி கேட்டார். அவருடைய எந்த ஹிட்டையும் விட எனக்குப் பிடித்தது இதுதான்.

1972 செப்டெம்பர் 30இல் 3000ஆவது ஹிட். டிசெம்பர் 23இல் நிக்கரகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் சிதைத்தது. சில வாரங்களுக்கு முன்புதான் புவேர்ட்டோ ரிக்கோ அணியை வழிநடத்தி அங்கே தங்கியிருந்தார். உடனே நிவாரணம் சேர்த்து அனுப்பினார். அது மக்களைச் சேராமல் சர்வாதிகாரி சொமோசாவின் படையினரிடம் போகிறது என்று தகவல் வந்தது. தான் நேரில் நின்றால் கொடுத்தே ஆகவேண்டும் என எண்ணி, ஆண்டின் கடைசி இரவில் பொருட்களோடு தானும் விமானம் ஏறினார். பழைய விமானம், அளவுக்கு மீறிய பாரம். புறப்பட்ட சற்று நேரத்தில் கடலில் வீழ்ந்தது. வயது 38. உடல் கிடைக்கவில்லை.

ஐந்தாண்டு காத்திருப்பு விதியைத் தளர்த்தி, 1973இலேயே அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அங்கும் பலகையில் தாய்வழிப் பெயரையும் தந்தைவழிப் பெயரையும் இடம்மாற்றிப் பொறித்துவிட்டார்கள். அதைத் திருத்தியது 2000ஆம் ஆண்டில்.