எழுத்துக் கூட்டும் நாலாம் வகுப்பு

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்கும் மகன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். டியூஷனில் சேர்க்கலாமா?
– ஒரு தாய், பிள்ளைச்சாவடி

பதில்: அவசரப்பட வேண்டாம். டியூஷனில் பெரும்பாலும் அதே நாலாம் வகுப்புப் பாடத்தையே திரும்ப ஓட்டுவார்கள். பையன் தேங்கியதோ அதற்கும் முன்னால்.

இப்படித் தேங்கிய பிள்ளைகளுக்காகவே, உங்கள் ஊர் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே, மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. கொரோனாவில் விட்டுப்போனதை ஊர்த் தன்னார்வலர்களே மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்தது. சரியான வழி அதுதான்: உங்கள் மகன் எந்த நிலையில் நிற்கிறான் என்று பாருங்கள்.

‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்கிறானா? துணைக்காலைக் கவனிக்கவில்லை, அங்கிருந்து தொடங்குங்கள். அதற்கும் முன் கண், காது பரிசோதனை. பிறகும் திணறினால் டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறன் வகையாக ஏற்கிறது.