சொற்குருடு

“வீட்டில் எதைக் கேட்டாலும் தயங்காமல் விடை சொல்கிறான். ஒரு கதையை ஒருமுறை கேட்டால் ஒன்றும் விடாமல் திருப்பிச் சொல்கிறான். மனக்கணக்கிலும் குறைவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்தால் மட்டும் வாய் அடைத்துவிடுகிறது. இவனுக்கு என்ன குறை, ஐயா?” என்று ஆசிரியரிடம் வந்து வருந்தும் பெற்றோர் எக்காலத்தும் உளர். சோம்பேறி என்றும், பிடிவாதக்காரன் என்றும் கூறிப் பிரம்பை எடுப்பதே நெடுங்காலம் உலகம் இதற்குக் கண்ட மருந்தாக இருந்தது. அதனால் கண்ணீர் வந்ததேயன்றி எழுத்து வந்ததில்லை.

இத்தகைய சிறுவன் ஒருவனது வரலாறு 1896 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள சீபோர்டு என்னும் ஊரில் வாழ்ந்த பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர் அதனை எழுதினார். சிறுவன் பெயர் பெர்சி, வயது 14. அறிவிற் சிறந்தவன்; விளையாட்டிலும் விரைவுடையவன். ஏழாம் வயது முதல் பள்ளியிலும் தனியாசிரியரிடத்தும் இடைவிடாது பயின்றவன். தொடக்கத்தில் நெடுங்கணக்கைக் கற்பிப்பதே பெரும்பாடாக இருந்தது என்றும், அவனுக்கு அது வரவே வராது என்று தாங்கள் எண்ணியதுண்டு என்றும் அவன் தந்தையார் மருத்துவரிடம் கூறினார். ஏழாண்டு உழைப்பின் பின்னரும் மிகச் சிறிய சொற்களையே அவனால் முயன்று படிக்க முடிந்தது. தன் பெயரை எழுதும்போதும் இரண்டாம் எழுத்தையும் மூன்றாம் எழுத்தையும் இடம் மாற்றி எழுதினான்; பிறர் ஒருமுறைக்கு மேல் சுட்டிய பின்னரே அப்பிழையை உணர்ந்தான். ஆயினும் கணக்கில் அவனுக்கு விருப்பம் மிகுதி. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்துவதானால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். அவ்வாசிரியரை நாம் பாராட்டுதல் தகும். பையனை வெறுக்காமல் உற்று நோக்கியவர் அவர்.

மூளையில் நோயோ அடியோ பட்டுப் படிக்கும் ஆற்றலை இழந்த முதியோர் நிலையைச் ‘சொற்குருடு’ என்னும் பெயரால் மருத்துவர் முன்னரே அறிந்திருந்தனர். கிளாஸ்கோ நகரக் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1895 இல் அதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த மார்கன், அந்நிலை பிறவியிலேயே அமைதலும் கூடுமோ என்று ஆராய்ந்தார். இக்காலத்து வழங்கும் பெயர் ‘டிஸ்லெக்சியா’ என்பது. பழைய பெயர் பொருத்தமுடையதன்று. இங்கே கண் குருடும் அன்று. அறிவு குருடும் அன்று.

பின் எங்கே இடர்ப்பாடு? பேச்சு குழந்தைக்குத் தானே வருகிறது. எழுத்தோ மனிதன் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமைத்துக்கொண்ட கருவி; கற்பித்தாலன்றி எவர்க்கும் வாராது. ‘படம்’ என்னும் சொல் காதில் ஒரே ஒலியாக விழுகிறது. அதனை ப், அ, ட், அ, ம் எனப் பிரித்து, ஒவ்வோர் ஒலிக்கும் உரிய வடிவத்தோடு இணைத்த பிறகே படிப்புத் தொடங்கும். உயிரும் மெய்யும் பிரித்துக் காட்டும் இலக்கண ஆசிரியரின் தொழிலை ஐந்து வயதுக் குழந்தை தன்னையறியாமலே செய்ய வேண்டியிருக்கிறது! பெரும்பாலோர்க்கு அது விரைவில் கைவருகிறது. சிலருடைய மூளை அவ்வேலையை எளிதில் செய்வதில்லை. இந்நிலை குடும்பவழி வருவதும் உண்டு.

ஆங்கிலத்தில் எழுத்து ஒருவகையும் ஒலி ஒருவகையுமாக இருத்தலின் இடர் மிகுதி. தமிழில் அக்குழப்பம் குறைவு. ஆயினும் நம் எழுத்திலும் கடுமை உண்டு. ‘கெ’ என்பதில் ககர ஒலி முன்னும் எகர ஒலி பின்னும் வருகின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னே நிற்கிறது. ‘கொ’ என்பதில் உயிரின் குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ‘கௌ’ என்பதன் பின்பாதியோ ளகரத்தின் வடிவே. எனவே தமிழ் படிக்கும் இத்தகைய மாணவன் தவறாகப் படிப்பதைவிட, எழுத்து எழுத்தாகக் கூட்டி மிக மெதுவாகப் படிப்பதே மிகுதி. லகர ளகர ழகரங்களை மாற்றி எழுதுவதை மட்டும் கண்டு இக்குறை உண்டென முடிவுகட்டலாகாது. அப்பிழை பேச்சில் அவ்வொலிகள் மயங்குவதால் வருவது. நல்ல மாணவர் பலரிடத்தும் யான் கண்டது.

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்காமும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு கற்பிக்கும் முறையை வகுத்தனர். கண்ணால் எழுத்தைக் கண்டு, வாயால் அதன் ஒலியைச் சொல்லி, கையால் அதனை வரைந்து, சிறிது சிறிதாக முன்னேறுவது அம்முறை. இதனை அறிந்தபோது நம் திண்ணைப் பள்ளிகளே என் நினைவுக்கு வந்தன. அங்கே மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே எழுத்தை உரக்கச் சொல்வார்கள். அதற்காக அப்பள்ளிகளைப் பொற்காலம் என்று புகழ்வதற்கில்லை. சிறுவரைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் அங்கேதான் இருந்தது. மணலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. உரிய சான்று பெற்ற மாணவர்க்குப் பொதுத்தேர்வில் மிகுதியான நேரமும், சொல்வதை எழுதுவோர் உதவியும் கிடைக்கின்றன. ஆதலின் மகனது நிலை கண்டு ஐயுறும் பெற்றோர், “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்னும் அயலார் சொல்லைக் கேட்டு ஆண்டுகளைக் கழித்தலாகாது. ஆசிரியரையும் தக்க வல்லுநரையும் அடுத்துக் கேட்டல் வேண்டும். எழுத்துப் பயிற்சி பயன்தர மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அதற்கிடையே வரலாறும் அறிவியலும் அவனுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. இரவில் அரைமணி நேரம் தாயோ, அக்காளோ, அடுத்த வீட்டுத் தோழனோ பாடத்தை உரக்கப் படிக்க, அவன் கேட்டிருந்தால் போதும். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் வினவும்போது எழுந்து நின்று விடை கூறுவான்.