பழைய எஸ்யூவி வாங்குகிறீர்களா? முதலில் கம்ப்யூட்டரைத் திறங்கள்

வேர்டில் லெட்டர் அடிப்பது, எக்ஸெல்லில் கூட்டல் போடுவது என்று எழுதிக் கொண்டிருந்தவன் திடீரென்று கார் விஷயத்திற்கு ஏன் தாவிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "வாங்கியாச்சு சார், இதை வச்சு வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்பதுதான். என் சித்தப்பாவுக்கு ஏற்பட்ட பிரயோஜனத்தை இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர் கிள்ளை. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற வழியில் இருக்கிறது. சித்தப்பா மஸ்கட்டில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். வீட்டில் ஏழு பேர். மழைக்காலத்தில் ரோடும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும் ஊர் என்பதால் உயரமான, ஏழு சீட் டீசல் எஸ்யூவிதான் வேண்டும் என்று நின்றார். விளம்பரம் ஒன்றில் பதினொன்றரை லட்சத்துக்கு ஒரு வண்டி கிடைத்தது. அதே மாடல், அதே வருடம் மற்ற இடங்களில் பதினாலுக்குக் குறையாமல் விலை சொன்னார்கள். கையிருப்பு போதாமல் சித்தியின் நகையை அடகு வைக்க பேங்க் வரை போய்விட்டார்கள். "ஏம்பா, நீ கம்ப்யூட்டர் ஆளாச்சே, ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்" என்று சித்தப்பா கேட்டதும் லேப்டாப்பைத் திறந்தேன்.

வண்டியைப் பார்க்கும் முன்

பிரவுசரைத் திறந்து பரிவாஹன் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்திற்குச் செல்லுங்கள். சர்ச் செய்தால் இதே போன்ற பெயரில் தனியார் தளங்களும் வரிசையாக வந்து நிற்கும். முகவரியின் முடிவில் ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே நுழையுங்கள். தகவல் சேவைகள் என்ற மெனுவில் வாகன விவரம் அறியும் வசதி இருக்கிறது. உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியை டைப் செய்தால் கணக்கு தயார். பிறகு வண்டி எண்ணையும் படத்தில் உள்ள எழுத்துகளையும் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

உரிமையாளர் பெயரில் பாதி நட்சத்திரக் குறியாகத்தான் வரும். அது போதும். விற்பவர் சொல்லும் பெயரோடு தெரிகிற எழுத்துகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். பதிவு செய்த தேதி, எரிபொருள், பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று எதுவரை, வண்டி மீது கடன் இருக்கிறதா என்பதெல்லாம் திரையில் வரும். கடன் இருந்தால், "அதெல்லாம் எப்பவோ கட்டி முடிச்சாச்சு" என்ற வாய்ச்சொல் செல்லாது. கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் கையில் வந்து, ஆர்டிஓ பதிவிலிருந்து கடன் நீங்கினால்தான் வண்டி முழுதாக உங்களுடையது.

அடுத்து இ-சலான் தளம். இங்கே வண்டி எண்ணோடு என்ஜின் அல்லது சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கேட்கும். அவற்றைக் கொடுக்கத் தயங்கும் ஆளிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை. திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கடலூர் மாவட்டத்தில் டிஎன் 31 அளவுக்கு இல்லாவிட்டாலும் பிஒய் என்று தொடங்கும் புதுச்சேரி வண்டிகள் நிறையவே ஓடுகின்றன. அங்கே சாலை வரி குறைவு. விலை மலிவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவுப்படி, வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்குள்ள புது எண் வாங்கியாக வேண்டும். படிவம் 28ல் தடையில்லாச் சான்று, வண்டியின் வயதைப் பொறுத்துத் தமிழ்நாட்டு வரி என்று செலவு பின்னால் வரும். பெரிய எஸ்யூவிக்கு அந்த வரி சின்னத் தொகையாக இருக்காது. அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

சித்தப்பா பார்த்த வண்டி இதுவரை எல்லாவற்றிலும் பாஸ். டிஎன் 31, கடன் இல்லை, சலான் இல்லை, இரண்டாவது உரிமையாளர். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில், "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று எழுதியிருந்தது.

எக்ஸெல்லில் ஒரு சின்ன வேலை

விற்பவரிடம் பழைய சர்வீஸ் பில்கள், டயர் பில், பேட்டரி பில் என்று இருப்பதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பெரும்பாலான பில்களில் அன்றைய கிலோமீட்டர் குறித்திருக்கும். எக்ஸெல்லில் ஏ பத்தியில் தேதி, பி பத்தியில் கிலோமீட்டர் என்று தேதி வரிசையில் டைப் செய்யுங்கள். சி3 செல்லில் சமக்குறி போட்டு, பி3 கழித்தல் பி2 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். அந்த செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் ஒவ்வொரு இடைவெளியிலும் வண்டி ஓடிய தூரம் வந்துவிடும். எங்காவது மைனஸ் வந்தால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இன்றைய டிஜிட்டல் மீட்டரின் எண் ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கிறது. அதை மாற்ற ஒரு லேப்டாப்பும் சில நிமிடங்களும் போதும் என்பது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வண்டியில் மைனஸ் வரவில்லை. ஆனால் 2024 நவம்பருக்கும் 2025 ஏப்ரலுக்கும் இடையில் வெறும் 140 கிலோமீட்டர். மாதம் ஆயிரத்துக்கு மேல் ஓடிய வண்டி ஐந்து மாதம் எங்கே நின்றது? கேட்டதற்கு, "அண்ணன் வெளிநாடு போயிருந்தாரு" என்று பதில் வந்தது. இருக்கலாம். அந்தச் செல்லுக்கு மட்டும் மஞ்சள் கலர் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு சதவீதம் இருக்கும். ஒரு வருடம் இழப்பீடு கேட்காவிட்டால் 20, பிறகு 25, 35, 45, ஐந்து வருடம் கேட்காவிட்டால் 50 என்று ஏறும். ஏழெட்டு வருட வண்டியில் அது பூஜ்யமாக இருந்தால், முந்தைய வருடம் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட இடமுண்டு. வண்டி சமீபத்தில் கை மாறியிருந்தாலும் பூஜ்யமாக வரும், ஏனென்றால் அந்த போனஸ் வண்டிக்கு அல்ல, ஆளுக்குச் சொந்தம். இங்கே உரிமையாளர் மாறி மூன்று வருடம் ஆகியிருந்தது. போனஸ் பூஜ்யம்.

வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் மேஜையில் இருப்பது போலவே காருக்குள்ளும் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒன்றல்ல, என்ஜினுக்கு, கியருக்கு, பிரேக்குக்கு, ஏர்பேக்குக்கு என்று பல. ஏதாவது கோளாறு வந்தால் அவை ஒரு கோட் எண்ணாகச் சேமித்து வைக்கின்றன. அதைப் படிப்பதற்கான 16 பின் சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்கால் பக்கம் இருக்கும். இதன் பெயர் ஓபிடி போர்ட். இந்தியாவில் ஓபிடி-2 முறை பிஎஸ்-4 வண்டிகளுக்கு 2013 ஏப்ரலில் கட்டாயமானது. பிஎஸ்-4 நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டி என்றால் எல்லாத் தகவலும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் செருக ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் கார் ஸ்கேனர், டார்க் போன்ற ஆப்களில் ஒன்றை இன்ஸ்டால் செய்யுங்கள். அடாப்டரைச் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, போனின் புளூடூத்தில் ஜோடி சேருங்கள். கேட்கும் பின் எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. ஐபோன் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் கவனியுங்கள். பழைய வகை புளூடூத் அடாப்டர் ஐபோனில் வேலை செய்யாது, வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகை வேண்டும். விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செருகுங்கள். கோட்களை அழிக்கும் பட்டனைத் தொடவே கூடாது.

ஆப்பில் கோட் எதுவும் இல்லை என்று வந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் நீங்கள் வருவதற்கு முன்பே இதே போன்ற அடாப்டரால் அழித்து வைத்திருப்பார்கள். ஆனால் அழிக்கும்போது இரண்டு தடயங்கள் நின்றுவிடுகின்றன. ஒன்று, கோட் அழித்த பிறகு ஓடிய தூரம். இரண்டு, ரெடினெஸ் மானிட்டர்கள் என்ற சுயபரிசோதனைகள். கோட்களை அழித்தால் இவை முடியவில்லை என்ற நிலைக்குத் திரும்பிவிடும். சில நாள் பல விதமாக ஓட்டினால்தான் மீண்டும் முடியும்.

அன்று அந்த வண்டியில் கோட் ஏதுமில்லை. அழித்த பிறகு ஓடிய தூரம் 6 கிலோமீட்டர். மானிட்டர்களில் பாதிக்கு மேல் முடியவில்லை. விற்பவர், "போன வாரம் பேட்டரி கழட்டினோம் சார்" என்றார். பேட்டரி கழற்றினாலும் சில வண்டிகளில் இப்படி ஆகும் என்பதால் சண்டை போடவில்லை. "மூணு நாள் ஓட்டுங்க, மறுபடி வர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். சித்தப்பாவுக்குக் கோபம். வண்டி கை நழுவிவிடும் என்று வழி முழுக்கப் புலம்பினார்.

நான்காம் நாள் போனபோது யு என்ற எழுத்தில் தொடங்கும் கோட்கள் இரண்டு நின்றன. பி என்றால் என்ஜின், கியர். பி எழுத்திலேயே ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து என்றால் பாடி, ஏர்பேக். சி என்றால் பிரேக், ஸ்டியரிங். யு என்றால் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியவில்லை என்று அர்த்தம். ஒயரிலோ கனெக்டரிலோ கோளாறு. கோட் ஏன் வந்தது என்று ஆப் சொல்லாது. அதற்குக் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கும்?

டார்ச்சை எடுத்து ஓபிடி சாக்கெட்டுக்குள் அடித்துப் பார்த்தேன். பின்களில் பச்சைப் பூச்சு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தோம். சுருளின் உள்பகுதியில் காப்பிக் கறை போல ஒரு கோடு. முன் சீட்டின் தண்டவாளத்தில் துரு, அதன் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட புதுத் தழும்பு. மேட்டுக்குக் கீழே கார்பெட்டைக் கொஞ்சம் தூக்கியதும் வாசனைத் திரவியத்தை மீறிக்கொண்டு வண்டல் வாசம். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஊர்க்காரருக்கு அந்த வாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பகுதிக்குள் புகுந்தது. எக்ஸெல்லில் மஞ்சள் கலர் அடித்த இடமும் அதே மாதங்கள்தான். வெள்ளத்தில் நின்ற வண்டியை விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அதற்கேற்ற விலைக்கு விற்கலாம். மறைத்து விற்பதுதான் பிரச்னை. தண்ணீர் பட்ட ஒயர் அன்றே செத்துப்போவதில்லை. உறைக்குள் செம்பு பச்சையாகி, ஒரு வருடம் கழித்து ராத்திரி நேரத்தில் நடுரோட்டில் நிறுத்தும். ஏர்பேக் கனெக்டரில் அது நடந்தால் விபத்து நேரத்தில்தான் தெரியும்.

கடற்கரை ஊர் வண்டிக்கு வெள்ளமே தேவையில்லை, உப்புக் காற்றே போதும். பெரிய எஸ்யூவிகளில் பலவற்றுக்கு உடம்பு தனி, ஏணி போன்ற சேஸிஸ் தனி. மேலே பெயின்ட் பளபளக்கும்போதே கீழே ஏணி அரித்துக் கொண்டிருக்கலாம். பின்பக்கம் வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி இருந்தால் அதைச் சுற்றிப் பாருங்கள், சர்வீஸ் ஆட்கள் கண்ணில் படாத இடம் அது. சேஸிஸ் கம்பியை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்த திட்டு இருந்தால், எதற்கு அடித்தீர்கள் என்று கேளுங்கள்.

சேஸிஸ் எண்ணையும் அங்கேயே சரிபாருங்கள். 17 எழுத்து, எண்கள் இருக்கும். எம்ஏஜே என்று தொடங்கினால் ஃபோர்டு இந்தியா, எம்பிஜே டொயோட்டா, எம்ஏ1 மஹிந்திரா, எம்ஏடி டாடா. ஆர்சியில் உள்ளதோடு ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. ஃபோர்டு எண்டெவர் பார்ப்பவர்கள் நினைவில் கொள்ளுங்கள், 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நல்ல வண்டிதான், ஆனால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸும் ஸ்பேரும் எங்கே கிடைக்கும் என்று முதலில் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் விஷயத்தை மெக்கானிக்கிடம் விட்டுவிடுகிறேன். இரண்டே இரண்டு மட்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஆறிய என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் நமக்குத் தேவை. ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் லோ ரேஞ்சிலும் போட்டுப் பாருங்கள், வருடக்கணக்கில் யாரும் தொடாமல் இறுகிப் போயிருக்கும்.

அந்த வண்டியை வாங்கவில்லை. நகை லாக்கருக்குத் திரும்பியது. இரண்டு மாதம் கழித்து சித்தப்பா விருத்தாசலத்தில் வேறொன்று பார்த்தார், இரண்டு லட்சம் கூடுதல். இந்த முறை அடாப்டரைச் செருகியது அவரே. அழித்த பிறகு ஓடிய தூரம் பதினோராயிரத்துச் சொச்சம் என்று வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பணம் கொடுக்கும் அன்று படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கினோம். வாங்குபவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்தான். விண்ணப்பத்தைப் பரிவாஹன் தளத்திலேயே நிரப்பி, ரசீதை பிடிஎஃப் ஆகச் சேமித்துப் பென் டிரைவில் ஒரு நகலும் போட்டு வைத்தேன். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதச் சொன்னேன், அன்று காலை விற்றவர் சிக்னலை மீறியிருந்தால் அந்த அபராதம் அவருடையது. மாலை 4.20 என்று எழுதிக் கொடுத்தார்கள்.