தரம் 13: எழுதிப் பழகும் ஆண்டு



உயர்தரப் பரீட்சையை நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை நான் பின்தங்கியது படிக்காததால் அல்ல. இரவு பகலாகப் படித்தேன். ஆனால் பிழையான முறையில் படித்தேன். இறுதி ஆண்டில் காலடி வைத்திருக்கும் உங்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு உட்துறைமுகப் பக்கம். வாப்பாவுக்குத் துறைமுகத்தில் பாரம் ஏற்றி இறக்கும் வேலை. கப்பல் வந்தால் சம்பளம், வராவிட்டால் இல்லை. அந்த வருமானத்தில்தான் எனக்கு மூன்று பாடங்களுக்கும் டியூஷன். நான் உயிரியல் பிரிவு. காலையில் பாடசாலை, பின்னேரம் வகுப்பு, இரவில் அன்றைய குறிப்புகளை வேறொரு கொப்பியில் அழகாகத் திருப்பி எழுதுவது. தலைப்புக்குச் சிவப்பு, வரைவிலக்கணத்துக்குப் பச்சை. இப்படிப் பதினொரு கொப்பிகள் நிரம்பின. வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் உம்மா அவற்றை எடுத்துக் காட்டுவார்.

பரீட்சை வந்தது. உயிரியல் இரண்டாம் வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம். அமைப்புக் கட்டுரை 4, கட்டுரை 4, மொத்தம் 8 வினாக்கள். முடிவு மணி அடித்தபோது நான் ஆறாவது வினாவின் நடுவில் இருந்தேன். மீதி இரண்டுக்கும் எனக்கு விடை தெரியும். ஆனால் தாளில் இல்லாத விடைக்கு யார் புள்ளி போடுவார்கள்?

மூன்று பாடமும் சித்திதான். பல்கலைக்கழகத்துக்குப் போதாத சித்தி. "பாஸ் பண்ணிட்டாதானே, இனி வீட்டோட இருக்கட்டும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். ஒரு கலியாணப் பேச்சும் வந்தது. வாப்பா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "மகள், இன்னொருக்கா எழுதினா என்னத்த மாத்திச் செய்வாய்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளில் இருந்தவையும், ஆசிரியையான பிறகு நான் கற்றுக்கொண்டவையும்தான் கீழே வருபவை.

1. குறிப்பு எழுதுவதைக் குறையுங்கள், விடை எழுதுங்கள்

குறிப்பைத் திருப்பி எழுதும்போது கை வேலை செய்கிறது, மூளை ஓய்வெடுக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வினாவுக்கு விடை எழுதும்போதுதான் எது தெரியும், எது தெரியாது என்பது வெளிப்படும்.

180 நிமிடத்தை 8 வினாக்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 22 நிமிடமளவில் வரும். ஒவ்வொன்றையும் 20 நிமிடத்தில் முடிக்கப் பழகினால், கடைசியில் திருப்பிப் பார்க்க 20 நிமிடம் மிஞ்சும். முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. பிழை விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆகவே ஒன்றையும் வெறுமனே விடாதீர்கள். உங்கள் பாடம் வேறென்றால் அதன் வினாத்தாளை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் தடவை நான் நாளுக்கு ஒரு கட்டுரை வினா எழுதினேன். வாரத்துக்கு ஒரு முழு வினாத்தாள், மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு. பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை வைத்து நானே திருத்தினேன். நான் அரைப் பக்கம் எழுதிய இடத்தில் புள்ளித்திட்டம் கேட்டது நான்கு சொற்கள். நான் விட்டுவிட்ட ஒரு படத்துக்கு அங்கே தனிப் புள்ளி. இது கொப்பிகளில் கிடைக்காத பாடம்.

2. மூன்று பாடங்களையும் சமமாகப் பாருங்கள்

2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பார்க்கப்படுகிறது. நீங்கள் பெற்ற புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் பிரித்துப் பெறுவது அது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் பிரிப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவிக்கு 1.5, 1.4, கடைசிப் பாடத்தில் மைனஸ் 0.2. சராசரி 0.9. இன்னொருவருக்கு 1.1, 1.0, 0.9. சராசரி 1.0. எதிலும் முதலிடம் வராத இரண்டாமவர்தான் முன்னால் நிற்கிறார். "பௌதிகவியல் எனக்கு வராது" என்று ஒதுக்கி வைத்த நான் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் அந்தப் புத்தகத்தை மீண்டும் திறந்தேன்.

மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலை அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கிறது. இடம் எட்டாத தூரத்தில் இல்லை. ஆனால் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி இல்லாவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை. அதற்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் கொடுங்கள்.

3. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே ஆயத்தமாகுங்கள்

பரீட்சைத் திகதியை நம்பி ஆண்டைத் திட்டமிடாதீர்கள். 2023 க்குரிய பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தது. 2024 க்குரியது அதே ஆண்டு நவம்பர் 25 இல் தொடங்கியது. இரண்டு நாளில் புயல் மழையும் வெள்ளமும் வந்து நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4 இல்தான் மீண்டும் ஆரம்பமானது. ஆயத்தமாக இருந்தவர்களுக்கு அந்த இடைவெளி மீட்டலுக்கு உதவியது. கடைசி நாட்களை நம்பியிருந்தவர்களோ, மின்சாரமும் இல்லாமல், நனைந்த புத்தகங்களோடு தவித்தார்கள்.

நம் ஊரில் மாரி மழை ஒக்டோபரிலேயே ஆரம்பித்துவிடும். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் உறையில் இட்டுவைக்கும் பழக்கம்கூட ஆயத்தத்தில் ஒரு பகுதிதான்.

இன்னொன்று. 2024 இல் நம் திருகோணமலையில் 70 முஸ்லிம் மாணவிகளின் உயர்தரப் பெறுபேறுகள், பரீட்சை மண்டபத்தில் காதுகள் மறைந்திருந்தன என்ற காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டன. படித்து எழுதிவிட்டுப் பெறுபேறு தெரியாமல் காத்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை! அதன் நியாய அநியாயத்தைப் பேச வேண்டியவர்கள் பேசட்டும். நீங்கள் மண்டப விதிகளை அதிபரிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். உடை பற்றிய கேள்வி இருந்தால் பெற்றோரும் பாடசாலையும் பேசி எழுத்தில் தெளிவு பெறட்டும். மண்டப வாசலில் நின்று தீர்க்கக்கூடிய விடயமல்ல அது.

4. உடம்பையும் கவனியுங்கள்

இரவு இரண்டு மணிவரை விழித்திருந்ததைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான். இரண்டாம் ஆண்டில் பத்து மணிக்கே படுத்தேன். சுப்ஹுக்குப் பின் வீடு விழிக்கும்வரை கிடைத்த ஒன்றரை மணித்தியாலம், முந்தைய ஆண்டின் இரவுகளைவிடப் பயன் தந்தது.

பெற்றோருக்கு

உங்கள் மகளுக்கு இந்த ஓர் ஆண்டு தேவை. வாரத்துக்கு ஒரு தடவையாவது மூன்று மணித்தியாலம் யாரும் கூப்பிடாமல் அவர் எழுத ஓர் இடம் கொடுங்கள். முழு வினாத்தாள் எழுத அதுதான் வேண்டும். நான் எழுதும்போது உம்மா வாசற்படியில் இருந்துகொண்டு சின்னத் தம்பியை உள்ளே விடமாட்டார். கலியாணப் பேச்சைப் பரீட்சை முடியும்வரை தள்ளிவையுங்கள். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம், திறந்த பல்கலைக்கழகம் என்று வழிகள் உண்டு. அவற்றுக்கும் இந்தப் பெறுபேறு கைகொடுக்கும்.

இரண்டாம் தடவை எட்டு வினாக்களையும் எழுதி முடித்தபோது பதினைந்து நிமிடம் மீதி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பிரிவுக்கு இடம் கிடைத்தது. பதினொரு கொப்பிகளையும் உம்மா இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறார். என்னைக் கரைசேர்த்த விடைத்தாள்களையோ பழைய கடதாசிக்காரர் நிறுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தங்கைகளே, நாளை பார்ப்போம் என்று தள்ளிவைக்காதீர்கள். இன்றிரவே ஒரு கடந்தகால வினாவை எடுங்கள். புத்தகத்தை மூடுங்கள். 20 நிமிடம் எழுதுங்கள். முதல் நாள் கை நடுங்கும், பாதியில் நின்றுபோகும். பரவாயில்லை. அது பரீட்சை மண்டபத்தில் நடக்காமல் உங்கள் வீட்டு மேசையில் நடக்கிறதே, அதற்குத்தான் இந்த ஆண்டு.