ஸ்பிரே அடிக்கிறதுக்கு முன்னால கொஞ்சம் யோசிப்போம்



தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது, பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவது பற்றியெல்லாம் பேசிப் பழகிவிட்டோம். இந்த முறை படிக்கப் போகும் பாடம் இஸ்தோப்பில் உட்கார்ந்து சத்தமாகப் பேச முடியாதது. தாம்பத்திய உறவில் ஆணுக்கு விந்து சீக்கிரம் வெளியேறிவிடுகிறது என்ற கவலையும், அதற்கென்று விற்கப்படும் ஸ்பிரேயும்தான் விஷயம். வெட்கத்தினால் யாரிடமும் கேட்காமல், சம்பள நாளில் டவுனில் கிடைத்ததை வாங்கி அடித்துவிட்டு அவதிப்படக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

முதலில், இது நோய்தானா?

"அரை மணி நேரம், ஒரு மணி நேரம்" என்று கூட்டாளிமார் பேசுவதை நம்ப வேண்டாம். ஐந்து நாடுகளில் 500 தம்பதிகள் கடிகாரம் வைத்து அளந்த ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. அதில் நடு அளவாக வந்த நேரம் 5.4 நிமிடம் மட்டுமே. ஆரம்பத்திலிருந்தே ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது, அல்லது நன்றாக இருந்தவருக்குப் பிறகு மூன்று நிமிடமோ அதற்குக் குறைவாகவோ ஆகிவிடுவது, அடக்க முடியாமல் போவது, அதனால் மனம் நோவது, இவை சேர்ந்திருந்தால்தான் வைத்தியர்கள் இதைக் குறைபாடு என்கிறார்கள்.

நம்முடைய நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். ஒரே காம்பரா. பக்கத்தில் பிள்ளைகள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். யாராவது முழித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் எல்லாமே அவசரமாக நடக்கிறது. அந்த அவசரத்தை உடம்பின் கோளாறு என்று நினைத்து மருந்து தேடுகிறவர்களும் உண்டு.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

பல்லுப் புடுங்கும்போது ஈறு மரத்துப்போக ஊசி போடுகிறார்கள் அல்லவா? அதில் பெரும்பாலும் இருப்பது லிக்னோகெயின். லிடோகெயின் என்பதும் அதுதான். 1943இல் சுவீடன் நாட்டில் உருவாக்கப்பட்டது. தாமதிக்கும் ஸ்பிரேயிலும் அதிகமாக இருப்பது இதுவே. சிலவற்றில் பிரிலோகெயின் அல்லது பென்சோகெயின் இருக்கும். நரம்பு மூளைக்கு அனுப்பும் செய்தியை இவை கொஞ்ச நேரம் தடுக்கும். உணர்ச்சி மந்தமாகிறது, நேரம் நீள்கிறது. இது பலமும் தராது, நோயைக் குணமாக்கவும் மாட்டாது.

அளவுதான் முக்கியம். ஐரோப்பாவில் 2013இல் அனுமதி பெற்ற ஒரு ஸ்பிரேயில் ஒரு தடவை அழுத்தினால் 7.5 மில்லிகிராம் லிடோகெயினும் 2.5 மில்லிகிராம் பிரிலோகெயினும் வரும். மூன்று தடவை அழுத்தி, ஐந்து நிமிடம் காத்திருந்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டுத்தான் உறவு கொள்ள வேண்டும். ஒவ்வொரு போத்தலின் பலமும் வேறு. ஆகவே அதில் எழுதியுள்ள அளவைத் தாண்டக் கூடாது. "ரெண்டு அடிச்சா நல்லது, பத்து அடிச்சா இன்னும் நல்லது" என்ற கணக்கு இதற்குச் சரிவராது.

என்ன ஆபத்து வரலாம்?

1. கூடிப்போனால் ஆணுக்கு உணர்ச்சியே இல்லாமல் போகும். உறுப்பு தளர்ந்துவிடும்.

2. துடைக்காமல் விட்டால் மருந்து மனைவிக்கும் படும். அவருக்கும் மரத்துப்போகும், எரியும். மனைவியிடம் சொல்லாமல் அடிப்பது அநியாயம். கர்ப்பிணி மனைவிக்கு இது படக் கூடாது. கர்ப்ப காலத்திலும், பிள்ளைக்காக முயற்சிக்கும்போதும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

3. புண், கீறல், தடிப்பு உள்ள இடத்தில் அடிக்க வேண்டாம். மருந்து இரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் தலைசுற்றல், வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு வரலாம்.

4. பிரிலோகெயினும் பென்சோகெயினும் அபூர்வமாக இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்வதைக் கெடுத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரித்தால், மூச்சு வாங்கினால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன அடித்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், போத்தலையும் காட்டுங்கள். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களும் இதய நோய்க்கு மருந்து குடிப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் பாவிக்கவே கூடாது.

5. எரிச்சல், சிவப்பு, வீக்கம் வந்தால் உடனே கழுவிவிட்டு நிறுத்துங்கள்.

6. இது கர்ப்பத்தையும் தடுக்காது, பாலியல் நோயையும் தடுக்காது. ஆணுறை வேண்டுமென்றால் வேண்டும்தான். எண்ணெய் கலந்த எதுவும் சாதாரண ரப்பர் ஆணுறையைக் கிழித்துவிடும்.

7. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரே காம்பராவில் இது லேசான காரியமில்லை, ஆனாலும் செய்தே ஆக வேண்டும். பிள்ளை வாய்க்குள் அடித்துக்கொண்டால் தொண்டை மரத்துப் புரையேறும். வலிப்பும் வரலாம்.

தலைவலித் தைலம், கராம்பு எண்ணெய் போன்றவற்றைத் தடவிப் பார்க்கவே வேண்டாம். மென்மையான தோல் வெந்துபோகும்.

வாங்கும்போது

மருந்தின் பெயர், அளவு, செய்தவர் பெயர், காலாவதித் திகதி நான்கும் லேபலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். "ரகசிய மூலிகை" என்று மட்டும் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்வது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. பதிவு உண்டா என்று பாமசிக்காரரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஸ்பிரே இல்லாமலும் வழி உண்டு

உச்சம் வரப் போகிறது என்று தெரிந்ததும் நிறுத்தி, உணர்ச்சி அடங்கிய பின் மறுபடி தொடங்கும் பயிற்சியை ஜேம்ஸ் சீமன்ஸ் என்ற வைத்தியர் 1956இல் எழுதினார். இதற்குச் செலவில்லை. கணவன் மனைவி இருவரும் பேசி, பொறுமையாகப் பழக வேண்டும். நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று இப்படியானால் தைரொயிட் நோய், விறைப்புக் குறைவு போன்ற காரணம் இருக்கலாம். அதைப் பார்த்து வைத்தியம் செய்யவும், தேவையானால் குளிசை தரவும் வைத்தியரால் முடியும்.

சகோதரர்களே, ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். வைத்தியர்களுக்கு இது பழகிப்போன விஷயம். சகோதரிகளே, "இந்த மனுசன் இப்படித்தான்" என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்காமல், நீங்களும் பேசுங்கள், சேர்ந்தே போங்கள். மரத்துப்போக வைக்கிற மருந்தை அடிக்கிறதுக்கு முன்னால, ரெண்டு பேரும் மனம் விட்டு நாலு வார்த்தை பேசுவோம்.