செம்பரம்பாக்கத்துல ஒரு சென்டிமீட்டர்

நவம்பர் வந்தா போதும், வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரு செய்தி சுத்தும்: "செம்பரம்பாக்கம் 22 அடி!" ஏரியோட முழு உயரம் 24 அடி. மீதி ரெண்டு அடியில எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? கணக்கு போட்டுப் பார்ப்போம்.

நிரம்பிய ஏரியின் நீர்ப்பரப்பு சுமார் 25 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 27 கோடி சதுர அடி. அப்போ மேல்மட்டத்தில் ஒரு அடி ஏறினா 270 மில்லியன் கன அடி. ரெண்டு அடிக்கு 500-ஐத் தாண்டும். இதே கணக்குல 24 அடிக்கும் பெருக்கினா 6,400-க்கு மேல வரணும். ஆனா ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடிதான். ஏன்னா ஏரி நேர்ச்சுவர் வெச்ச தொட்டி இல்ல, அடியில குறுகி மேல விரியுற தாம்பாளம். 12 அடி இருந்தா பாதி ஏரின்னு நினைக்காதீங்க, பாதிக்கும் கம்மி. அதனாலதான் உயரத்தை அளந்ததும், எந்த உயரத்துக்கு எவ்வளவு கொள்ளளவுன்னு முன்னாடியே தயாரிச்ச அட்டவணையைப் பார்க்கிறாங்க.

இதுல சிக்கலான விஷயம் நீர்வரத்து. ஏரிக்குள்ள வர்ற ஒவ்வொரு ஓடையையும், நேரா விழுற மழையையும் தனித்தனியா அளக்க முடியாது. அதனால கொள்ளளவு எவ்வளவு கூடுச்சு, எவ்வளவு திறந்து விட்டோம், ரெண்டையும் கூட்டி, நேரத்தால வகுத்தா அதுதான் வரத்து. இப்போ கவனிங்க. நிரம்பிய ஏரியில ஒரு சென்டிமீட்டர்னா 2.5 லட்சம் கன மீட்டர். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளக்கிறோம்னா, காத்துல எழுந்த ஒரு சென்டிமீட்டர் அலை, விநாடிக்கு சுமார் 2,450 கன அடி வரத்து மாதிரி தெரியும். வராத தண்ணீர்! 2015 டிசம்பர் 1 இரவு இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தாங்க. அந்த மாதிரி ராத்திரியில 2,450 கன அடியை யாரும் சும்மா தள்ளிவிட முடியாது. அலையை அடக்க, அளவுகோலையோ சென்சாரையோ சின்னத் துளை வழியா மட்டும் ஏரியோட இணைஞ்ச ஒரு குழாய்க்குள்ள வைப்பாங்க. ரொம்பப் பழைய உத்தி, ஆனா அருமையா வேலை செய்யும்.

நம்ம ஆளுங்க மினி ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். ஆர்டுயினோ, ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், கோடுல 0.034-னு ஒரு எண். (காப்பி அடிக்காத டீம் உண்டா?) அது ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகுதுன்னு வெச்ச கணக்கு. 35 டிகிரி வெயில்ல ஒலி 352 மீட்டர் போகும். தண்ணீர் மூணு மீட்டர் கீழ இருந்தா, மட்டம் பத்து சென்டிமீட்டர் உயரமா காட்டும். பக்கெட்டுக்கு ஓகே. செம்பரம்பாக்கத்துக்கு அது 88 மில்லியன் கன அடி. வெப்பநிலை சென்சார் ஒண்ணு சேர்த்து, வேகத்தைத் திருத்திக்கோங்க.

சென்சார் எவ்வளவு துல்லியமா இருந்தாலும், அந்த அட்டவணை பழசா இருந்தா விடை தப்பாத்தான் வரும். வருஷா வருஷம் வண்டல் படிஞ்சு தரை மேல ஏறுது, அட்டவணைக்கு அது தெரியாது. திருத்தணும்னா படகுல எக்கோ சவுண்டர் வெச்சு ஏரித் தரையைப் புதுசா அளக்கணும். 2019 ஜூன் மாதிரி ஏரி வறண்டு கிடக்கிற சமயத்துல படகே தேவையில்ல, நடந்தே அளக்கலாம்.